ஒரு சர்வாதிகாரத்தால் இனப்படுகொலை செய்ய முடிவது எப்படி?

ஒரு அரசாங்கம் தன் எல்லைக்குள் வாழும் ஒரு மக்கள் கூட்டத்தையே அழிக்கக் கிளம்புகிறது. லட்சக்கணக்கானவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சிலர் கையும் தட்டுகிறார்கள். இது எப்படி நடக்கிறது என்று, 2017-ல் மியான்மர் (பழைய பர்மா) ராணுவம் ரக்கைன் மாநிலத்து ரோஹிங்கியா முஸ்லிம்களைக் கொன்று விரட்டியதற்குப் பிறகு, நம் பிள்ளைகள் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கோவில் தமிழ் வகுப்பில் இந்தக் கேள்வி வந்தால் பெரியவர்கள் "அதெல்லாம் நமக்கெதுக்குப்பா" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ரங்கூனிலும் பெகுவிலும் தாட்டனிலும் மோல்மீனிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கும் தமிழர்களுக்கு இது அடுத்த வீட்டு விவகாரம் இல்லை. நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் காகிதங்களுக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. அதனால் அரிச்சுவடியிலிருந்தே எழுதுகிறேன்.

சட்டம் எதைப் பார்க்கிறது

நிறையப் பேரைக் கொன்றால் இனப்படுகொலை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். 1948 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை நோக்கத்தைத்தான் முதலில் கேட்கிறது. ஒரு தேசிய, இன அல்லது மதக் கூட்டத்தை, அவர்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்பதற்காகவே, முழுதாகவோ ஒரு பகுதியையோ ஒழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். அந்த நோக்கத்தோடு செய்யும் ஐந்து காரியங்களை உடன்படிக்கை சொல்கிறது: கொல்வது, உடலுக்கோ மனதுக்கோ கடும் கேடு செய்வது, வாழவே முடியாத நிலைமையில் வைத்து அழியவிடுவது, பிள்ளை பிறக்காமல் தடுப்பது, பிள்ளைகளைப் பறித்து வேறு கூட்டத்திடம் கொடுப்பது. ஆக, துப்பாக்கி வெடிக்காமலே இனப்படுகொலை நடக்க முடியும். பர்மா 1956-ல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. அதை வைத்துத்தான் காம்பியா என்ற சின்ன ஆப்பிரிக்க நாடு 2019 நவம்பரில் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் மியான்மர் மேல் வழக்குப் போட்டது.

நம் கதையையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். 1962 மார்ச் 2-ல் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடங்களில் வங்கி, ஆலை தொடங்கி கடைகள் வரை அரசு எடுத்துக்கொண்டது. 1964-ல் ஐம்பது, நூறு கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். ஏறக்குறைய 3 லட்சம் இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். கழுத்தில் கிடந்ததைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறியதாக நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வார்கள். சென்னையில் இருக்கும் பர்மா பஜார் அப்படிப் போய் இறங்கியவர்கள் பிழைப்புக்குப் போட்ட கடைகள்தான். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அதை இனப்படுகொலை என்று நான் எழுத மாட்டேன். நம்மைத் துரத்துவது அவர்கள் எண்ணமாக இருந்தது. போய்ச் சேர ஒரு கரையும் நமக்கு இருந்தது, "இவர்கள் எங்கள் ஆட்கள்" என்று ஏற்றுக்கொள்ள ஒரு நாடும் இருந்தது. ரோஹிங்கியாக்களை அப்படி ஏற்றுக்கொள்ள ஒரு நாடும் இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வெறுப்பு மட்டும் போதாது

வெறுப்பு எல்லா நாட்டிலும் உண்டு. பல சமயம் அதன் அடியில் ஏதோ ஒரு நிஜமான காயமும் இருக்கும். 1930-களில் உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்து நெல் விலை சரிந்தபோது, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்கள் கைக்குப் போயின. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப்பர்மா விளைநிலத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அவர்களிடம் இருந்தது. இந்தியர்கள் மேல் இருந்த இதுபோன்ற கோபங்களின் பலனை 1930-லும் 1938-லும் நடந்த கலவரங்களில் கூலிக்காரர்களும் சின்னக் கடைக்காரர்களும்தான் அனுபவித்தார்கள். இதை நாமே மறைக்காமல் சொல்லிக்கொள்வது நல்லது. இருந்தும் அந்தக் கலவரங்கள் சில நாட்களில், சில வாரங்களில் அடங்கின. ஒரு கூட்டத்தையே இல்லாமல் ஆக்க வேண்டுமானால் வருடக்கணக்கில் வேலை செய்ய வேண்டும். ஆட்கள், பணம், வண்டி, காகிதம், சட்டம் எல்லாம் தேவை. அவ்வளவும் அரசாங்கத்திடம்தான் இருக்கிறது.

சாதாரண அரசாங்கத்திலும் இவை எல்லாம் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, தடுப்பவர்களும் கூடவே இருக்கிறார்கள். உத்தரவு தப்பு என்று சொல்லும் நீதிபதி, விஷயத்தை வெளியே கொண்டுவரும் பத்திரிகை, சட்டசபையில் எழுந்து கேள்வி கேட்கும் எதிர்க்கட்சிக்காரர், சம்மதிக்காத மதத் தலைவர். நெல் வயலில் தண்ணீர் கண்டபடி ஓடாமல் நிற்பதற்கு வரப்பு எப்படியோ, நாட்டுக்கு இவர்கள் அப்படி. சர்வாதிகாரி முதலில் செய்யும் வேலை இந்த வரப்புகளை ஒவ்வொன்றாக வெட்டிவிடுவது. அந்தச் சமயத்தில் இனப்படுகொலை அவர் மனதில் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. தன் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வெட்டுகிறார்.

ஜெர்மனியில் 1933 ஜனவரி 30-ல் ஹிட்லர் பதவிக்கு வந்தார். பிப்ரவரி 27-ல் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே குடிமக்களின் உரிமைகளை நிறுத்திவைத்தார்கள். மார்ச் 23-ல் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே சட்டம் போடும் அதிகாரம் அவர் கைக்கு வந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நம் நாட்டில் நே வின் நாடாளுமன்றத்தைக் கலைத்தார், பிரதமர், தலைமை நீதிபதி உள்பட தலைவர்களைப் பிடித்து உள்ளே வைத்தார். 1962 ஜூலை 7-ல் ரங்கூன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அப்புறம் பத்திரிகைகளும் அரசு கைக்குப் போயின. ரக்கைன் மாநிலத்து மாங்டோவில் ஒரு கிராமத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கக்கூடிய வாய்கள் அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே இப்படி அடைக்கப்பட்டுவிட்டன.

காகிதம் செய்யும் வேலை

எல்லாக் காரணங்களிலும் இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன், ஏனென்றால் இதுதான் யார் கண்ணுக்கும் படாமல் நடப்பது. கொலைக்கு முன்னால் பட்டியல் வருகிறது.

உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அப்புறம் ஒரு வரி: இனம், மதம். இந்த ஒரு வரிக்காக இமிகிரேஷன் ஆபீஸ் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்த அனுபவம் நம்மில் அநேகம் பேருக்கு உண்டு. 1982-ல் வந்த குடியுரிமைச் சட்டம் காச்சின், கயா, கரென், சின், பர்மியர், மோன், ரக்கைன், ஷான் ஆகிய இனங்களையும், 1823-க்கு முன்பே இந்த மண்ணில் குடியிருந்த இனங்களையும் இயல்பான குடிமக்கள் என்றது. 1824-ல் வெள்ளைக்காரன் முதல் சண்டைக்கு வந்தான், அதற்கு முந்தின வருடம் கோடு. மற்றவர்களுக்கு இணைக் குடிமகன், இயல்புரிமை பெற்ற குடிமகன் என்று கீழ்ப்படிகள். முழுக் குடிமகனுக்கு ரோஸ் அட்டை, அடுத்தவர்களுக்கு நீலமும் பச்சையும். நம்மில் பலருக்கு எந்த நிறம் கிடைத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ரோஹிங்கியாக்களுக்கு அந்தக் கீழ்ப்படியும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் 1960-களின் தொடக்கத்தில் ரங்கூன் வானொலியில் அவர்கள் மொழியில் நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. 1990 தேர்தலில் ஓட்டுப் போட்டார்கள், அவர்களில் சிலர் ஜெயிக்கவும் செய்தார்கள். 2010-லும் ஓட்டுப் போட்டார்கள். பழைய அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு 1995 முதல் வெள்ளை அட்டை கொடுத்தார்கள், அது தற்காலிகம். 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் "ரோஹிங்கியா" என்று சொன்னவர்களை எழுத மறுத்தார்கள். ரக்கைன் மாநிலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கணக்கிலேயே வரவில்லை. 2015-ல் வெள்ளை அட்டையும் ரத்து. அந்த வருடத் தேர்தலில் ஓட்டும் இல்லை. தேதிகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே ஒரு கூட்டம் படிப்படியாகக் காகிதத்திலிருந்து மறைவது தெரியும்.

கிராமத்தில் அது எப்படி நடந்தது என்பதையும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மாங்டோ, புத்திடவுங் பக்கம் அதிகாரிகள் வருடா வருடம் வீடு வீடாக வருவார்கள். குடும்பம் மொத்தமும் வாசலில் வரிசையாக நிற்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள், வீட்டுப் பட்டியலோடு சரிபார்ப்பார்கள். அன்று இல்லாதவன் பெயரை அடித்துவிடுவார்கள். பக்கத்து டவுன்ஷிப்புக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவும் நான்காம் எண் படிவத்தில் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணத்துக்கு அனுமதி, இரண்டு பிள்ளைக்கு மேல் கூடாது. உடன்படிக்கையின் ஐந்து காரியங்களில் பிள்ளைப்பேற்றைத் தடுப்பதும் ஒன்று என்று மேலே எழுதினேனே, அதை இங்கே நினைத்துப் பாருங்கள்.

மற்ற நாடுகளிலும் இப்படித்தான். ருவாண்டாவில் பெல்ஜியக்காரர்கள் 1930-களில் கொண்டுவந்த அட்டையில் ஹூட்டு, துட்சி என்று எழுதியிருக்கும். 1994-ல் சாலைத் தடுப்பில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் வெட்டினார்கள். ஏறக்குறைய நூறு நாளில் 8 லட்சம் பேர் என்பது ஐ.நா. சொல்லும் கணக்கு. 1938-ல் ஜெர்மன் யூதர்களின் பாஸ்போர்ட்டில் சிவப்பாக ஒரு எழுத்து முத்திரை குத்தினார்கள். கொலை முகாமுக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு ரயில்வே நிர்வாகம் தலைக்கு மூன்றாம் வகுப்பு ஒருவழிக் கட்டணம் வசூலித்தது. பத்து வயதுக்குக் கீழே பாதி டிக்கெட், நாலு வயதுக்குக் கீழே இலவசம். அந்தக் கணக்கை எழுதிய குமாஸ்தா யாரையும் அடித்திருக்க மாட்டார். ஒவ்வொருவரும் தன் மேஜைக்கு வந்த காகிதத்தை மட்டும் பார்த்து அடுத்த மேஜைக்குத் தள்ளினால் போதும், மனசாட்சி எங்கேயும் உறுத்தாமல் வேலை நடந்துவிடும். சர்வாதிகாரத்தில் கேள்வி கேட்கும் குமாஸ்தாவின் வேலை போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பயத்தை வளர்ப்பது

சாதாரண ஜனங்கள் கொலைக்குச் சம்மதிப்பது பெரும்பாலும் பயத்தால்தான். "நாம் அவர்களை அழிக்காவிட்டால் அவர்கள் நம்மை அழித்துவிடுவார்கள்" என்ற பேச்சு எல்லா இனப்படுகொலைக்கு முன்னாலும் இருந்திருக்கிறது. ருவாண்டாவில் 1993-ல் தொடங்கிய ஒரு வானொலி துட்சிகளைக் கரப்பான் பூச்சி என்றது; கொலை தொடங்கியதும் ஆட்களின் பெயரையும் ஒளிந்திருக்கும் இடத்தையும் அறிவித்தது. நம் நாட்டில் 2016 நவம்பரில் அரசு நாளேட்டில் வந்த ஒரு கட்டுரை மனிதர்களைத் தெள்ளுப்பூச்சிக்கு ஒப்பிட்டது. அதற்கு முன்பே பிக்குகள் நடத்திய 969 என்ற இயக்கம் முஸ்லிம் கடையில் வாங்காதே என்று பிரசாரம் செய்து, பௌத்தர்களின் கடைகளில் ஊர் ஊராக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சிம் கார்டு விலை 2014-ல் 1,500 கியாட்டுக்கு இறங்கியதும் நாடே ஃபேஸ்புக்குக்குள் வந்தது. செய்தி என்றாலும் ஃபேஸ்புக், வதந்தி என்றாலும் ஃபேஸ்புக். ராணுவத்தின் ஆட்களே பொய்க் கணக்குகளை நடத்தினார்கள். ஐம்பது வருடம் சுதந்திரமான பத்திரிகையே பார்க்காத ஜனங்கள், எதை நம்புவது என்று சோதித்துப் பழகாதவர்கள். இந்தப் பொய் அவ்வளவு வேகமாக ஏறியதற்குப் பழைய சர்வாதிகாரமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. ரோஹிங்கியா கிராமங்கள் எரியத் தொடங்கி இரண்டு மாதமே கடந்திருந்த 2017 அக்டோபர் 30-ல், சிதாகு சயாடோ என்ற மிகப் பெரிய பிக்கு, கரென் மாநிலத்தில் ஒரு ராணுவப் பயிற்சிப் பள்ளியில் அதிகாரிகளுக்கு உபதேசம் செய்தார். அவர் எடுத்துக்கொண்டது இலங்கையின் பழைய பௌத்த நூலான மகாவம்சத்தில் வரும் துட்டகைமுனு என்ற சிங்கள அரசனின் கதை. எல்லாளனின் தமிழ்ப் படையைக் கொன்று குவித்த அரசன் மனம் வருந்துகிறான். அரகந்தர்கள் (ஞானம் பெற்ற பிக்குகள்) வந்து, செத்தவர்களில் ஒருவன் புத்தரைச் சரணடையும் திரிசரணம் ஏற்றவன், இன்னொருவன் பஞ்சசீலம் என்ற ஐந்து ஒழுக்கங்களையும் ஏற்றவன், மற்றவர்கள் மிருகத்துக்குச் சமம், ஆகவே நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான் என்று ஆறுதல் சொல்கிறார்கள். அந்தக் கதையில் மனிதக் கணக்கில் வராதவர்கள் நாம். 2017-ல் அதைக் கேட்டவர்கள் வேறொரு கூட்டத்தைச் சுட்டுவிட்டு வந்த ராணுவத்தின் அதிகாரிகள். ரங்கூன் தெருவில் நம்மையும் ரோஹிங்கியாக்களையும் "கலா" என்று ஒரே இழிசொல்லால்தான் அழைக்கிறார்கள் என்பதை நம்மில் சிலர் மறந்துவிட்டு, "அவர்கள் வேறு, நாம் வேறு" என்று பேசுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

எல்லாப் பிக்குகளும் அப்படி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013 மார்ச்சில் மேய்த்திலாவில் கலவரம் நடந்தபோது ஒரு மடத்தின் தலைவர் நூற்றுக்கணக்கான முஸ்லிம்களை உள்ளே வைத்துக் காப்பாற்றினார். தேடி வந்த கூட்டத்தை வாசலில் நின்று மறித்தார்.

சமயம் பார்த்திருப்பது

பட்டியல் தயார், பயமும் தயார் என்றால் ஒரு சாக்குப் போதும். பெரும்பாலும் அது போர். 1915-ல் ஆட்டோமன் துருக்கி ஆர்மீனியர்களை அழித்தது முதல் உலகப் போரின் மறைவில். யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லத் தொடங்கியது 1941-ல் ஜெர்மனி சோவியத் யூனியனுக்குள் நுழைந்தபோது. ரக்கைனில் 2017 ஆகஸ்ட் 25-ல் ஆர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக் குழு முப்பது போலீஸ் சாவடிகளையும் ஒரு ராணுவ முகாமையும் தாக்கியது. அது நடந்தது உண்மை, அதில் போலீஸ்காரர்கள் செத்ததும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே ரோஹிங்கியா வீடுகளின் வேலிகளைப் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள், கத்தி, அரிவாளை வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள், 33-ம் 99-ம் இலகு காலாட்படைப் பிரிவுகளைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்காளதேசத்துக்கு ஓடினார்கள். குறைந்தது 392 கிராமங்கள் முழுதாகவோ பாதியாகவோ எரிந்தன. செத்தவர்கள் 10,000 பேர் என்பது ஐ.நா. உண்மை கண்டறியும் குழுவே குறைத்துப் போட்ட மதிப்பீடு. படைத் தலைவர் மின் ஆங் லைங் உள்பட உயர் அதிகாரிகளை இனப்படுகொலைக் குற்றத்துக்காக விசாரிக்க வேண்டும் என்று அந்தக் குழு 2018-ல் சொன்னது.

தண்டனை கிடையாது என்ற தைரியம் அடுத்தது. 1978-ல் நாகமின் என்ற பெயரில் அட்டைச் சோதனை நடத்தி 2 லட்சம் பேரை விரட்டினார்கள், 1991-92-ல் இரண்டரை லட்சம் பேரை. அதற்காக ஒரு அதிகாரியும் கூண்டில் ஏறவில்லை. 2017 செப்டம்பர் 2-ல் இன் டின் கிராமத்தில் பத்து ரோஹிங்கியா ஆண்களைக் கைகட்டி உட்காரவைத்துக் கொன்றார்கள். அதை வெளியே கொண்டுவந்த ராய்ட்டர்ஸ் நிருபர்கள் வா லோனும் கியாவ் சோ ஊவும் 500 நாளுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். பத்து வருடத் தண்டனை பெற்ற ஏழு ராணுவத்தினரோ ஒரு வருடம் முடியும் முன்பே வெளியே வந்துவிட்டார்கள்.

வெளிநாடுகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 1938-ல் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி யூத அகதிகளைப் பற்றிப் பேசின. அநேகமாக எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். 1994 ஏப்ரலில், ருவாண்டாவில் கொலை நடந்துகொண்டிருக்கும்போதே, அங்கிருந்த அமைதிப் படையை 270 பேராகக் குறைக்க ஐ.நா. பாதுகாப்புச் சபை முடிவெடுத்தது.

தேர்தல் நடந்த நாட்டில்

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. 2017-ல் மியான்மரில் இருந்தது தேர்தலில் ஜெயித்த அரசு, ஆங் சான் சூச்சியின் கட்சி. அப்படியானால் சர்வாதிகாரத்தை எப்படிக் குற்றம் சொல்வது? 2008 அரசியல் சட்டத்தைப் பாருங்கள். நாடாளுமன்றத்தில் நாலில் ஒரு இடம் ராணுவத்துக்கு. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றும் ராணுவத்தின் கையில். துப்பாக்கி வைத்திருப்பவர்களை ஓட்டுப் போட்ட ஜனங்களால் தொட முடியாது. வெளியே தேர்தல், உள்ளே பழைய ஆட்சி. ஆனாலும் அந்த அரசுக்கு வாய் இருந்தது. 2019 டிசம்பரில் சூச்சியே ஹேக் நகரத்துக்குப் போய் ராணுவத்தின் சார்பில் வாதாடினார். அவரை நம் வீடுகளிலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். ரங்கூனில் அவருக்கு ஆதரவாக ஊர்வலம் போனவர்கள் நிஜமாகவே நம்பித்தான் போனார்கள். மக்கள் ஆதரவு இருக்கும்போது இனப்படுகொலைக்குச் சர்வாதிகாரியின் வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

எல்லாச் சர்வாதிகாரமும் இனப்படுகொலையில் முடிவதில்லை, தொடங்கியதும் தடைபடாமலே ஓடிவிடும் என்பதும் இல்லை. 1941 ஆகஸ்டில் ஹிட்லரின் ஜெர்மனியிலேயே மூன்ஸ்டர் நகர பிஷப் ஃபான் காலன், ஊனமுற்றவர்களையும் மனநோயாளிகளையும் அரசு கொல்வதைப் பிரசங்க மேடையில் நின்று போட்டு உடைத்தார். அந்த மாதமே ஹிட்லர் அந்தத் திட்டத்தை நிறுத்தச் சொன்னார். அதற்குள் 70,000 பேர் செத்திருந்தார்கள், கொலைகள் பிறகும் மறைவாகத் தொடர்ந்தன. இருந்தாலும் ஒரு குரலுக்கு அவ்வளவு பலம் இருந்தது. 1943 அக்டோபரில் டென்மார்க் மீனவர்களும் அண்டை வீட்டுக்காரர்களும் 7,000-க்கும் மேற்பட்ட யூதர்களைப் படகில் சுவீடனுக்குக் கடத்தி விட்டார்கள். இந்த இரண்டு இடத்திலும் ஒன்றைப் பார்க்கலாம்: பாதிக்கப்பட்டவர்களை "நம் ஆட்கள்" என்று நினைத்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

இங்கே அந்த எண்ணம் தாமதமாக வந்தது. 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்து, சகாயிங் பக்கம் பர்மியப் புத்த கிராமங்களையே எரிக்கத் தொடங்கியபோது, ரோஹிங்கியாக்களிடம் மன்னிப்புக் கேட்டு இளைஞர்கள் பதாகை பிடித்தார்கள், ஃபேஸ்புக்கில் எழுதினார்கள். ராணுவத்தை எதிர்க்கும் தேசிய ஒற்றுமை அரசு, 1982 சட்டத்தை நீக்குவோம் என்று அந்த ஜூனில் அறிவித்தது. ரங்கூனில் இன்னும் அதே சட்டம்தான் நடக்கிறது, அதே நிற அட்டைகள்தான். வங்காளதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவையை அறிவித்த ராணுவம், குடிமக்களே இல்லை என்று இத்தனை காலம் சொன்ன ரோஹிங்கியா இளைஞர்களைச் சிட்வே முகாம்களிலிருந்து பிடித்துப் போய்ச் சீருடை மாட்டிச் சண்டைக்கு அனுப்பியது.